போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்

என் மாமியார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்த காலையில், அவரைத் தெருமுனையில் பார்த்ததுமே என் அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

அம்மா அழுததில் நியாயம் இருந்தது. முந்தின நாள்தான் அருப்புக்கோட்டையிலிருந்து பெண் வீட்டார் ஒன்பது பேர் ஒரு வேனில் திருச்சுழிக்கு வந்து, எங்கள் வீட்டைப் பார்த்து, கேசரியும் வடையும் காபியும் சாப்பிட்டு, “கலந்து பேசிட்டுச் சொல்லி விடுறோம்” என்று புறப்பட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல சேதி என்றால் நாலைந்து பேர் சேர்ந்து, தட்டில் பழம் வெற்றிலையோடு வருவார்கள். வேண்டாம் என்ற சேதியைச் சொல்லத்தான் ஒற்றை ஆள் வெறுங்கையோடு வரும். எட்டு நாற்பது பஸ்ஸில் இறங்கி வந்தது ஒற்றை ஆள். கையில் ஒரு துணிப்பை, அதுவும் மடித்தபடி.

உள்ளே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். பிறகு என் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நேத்துக் குடுத்த காபி நல்லாருந்துச்சு மதினி. சிக்கரிதான் கொஞ்சம் தூக்கல். அடுத்த தடவ அரைக்கும்போது கொறச்சுப் போடச் சொல்லுங்க. வடையில ஒரு கொறையும் இல்ல.”

சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பொண்ணு விசயம்...” என்று இழுத்தார்.

“அதுவா? அது குடுக்குறதாத்தான் இருக்கோம். அதச் சொல்ல ஞாயித்துக்கெழம ஆளுக வருவாக. நான் காபிக்கு வந்தேன்.”

பத்தேகால் பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு இரவு என் நாட்குறிப்பில் இரண்டே வரி எழுதினேன். ‘கல்யாணம் உறுதி. சிக்கரி அதிகம்.’

அவர் இறந்து வருகிற மாசியோடு ஒரு வருடம் ஆகிறது. இருபத்து நான்கு வருடம் அவருக்கு மருமகனாக இருந்தேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு குணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு பொருளை எங்கே வாங்கினாரோ, எங்கே சாப்பிட்டாரோ, அங்கே மறுபடி போய் அது எப்படி இருந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். வாங்குவதற்காக மறுபடி போவது இல்லை. சொல்வதற்காக. அதற்கு அவர் வைத்திருந்த வாக்கியம், “போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்.” அத்தை குள்ளம், வலது முழங்காலில் வலி. ஆனாலும் இந்த வாக்கியத்தைச் சொன்னபிறகு அவரை உட்கார வைக்க எங்கள் குடும்பத்தில் யாராலும் முடிந்தது இல்லை.

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சிவப்புக் கரை போட்ட பெட்ஷீட் ஒன்று வாங்கினார். ஏழு மாதம் கழித்து அதைத் துவைத்து, மடித்து, எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். என் மனைவியும் நானும் கூட இருந்தோம். பெட்ஷீட்டைப் பார்த்ததுமே கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“யம்மா, மாத்திக் குடுக்குறதெல்லாம் மூணு நாளைக்குள்ளதான். போர்டுலயே எழுதிப் போட்டிருக்கோம்.”

“மாத்த யாரு வந்தா? சாயம் போகலன்னு சொல்ல வந்தேன். நாப்பது தடவ தொவச்சுட்டேன். இந்தா, பாருங்க.”

கடைக்காரர் பெட்ஷீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கடைசியில் மூன்று டீ வரவழைத்தார். டீ குடித்து முடித்ததும் அத்தை எதிர்க்கடைக்குப் போய், டீயில் இஞ்சி சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார்.

டாக்டர் கதை இதைவிட மோசம். இருமலுக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் குணமானபின், ஒரு திங்கட்கிழமை, அதுவும் கூட்டமான நாளில், டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனார்.

“என்ன செய்யுதும்மா?” என்றார் டாக்டர்.

“ஒண்ணும் செய்யல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார். “மாத்திரை நல்லாக் கேட்டுச்சுய்யா. நாலாம் நாளே நின்னுபோச்சு. ஆனா அந்த மஞ்ச மாத்திரை நாக்குல ஒட்டுது. செய்யிறவுககிட்டச் சொல்லுங்க.” டாக்டர் ஒரு துண்டுச்சீட்டில் அதைக் குறித்துக்கொண்டாராம். யாரிடம் சொன்னாரோ தெரியாது.

நான் தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். அளந்து கல் ஊன்றிவிட்டு வந்த இடத்திலிருந்து எனக்குத் திரும்பி வரும் சொல் எல்லாம் புகார்தான். கல் தள்ளி இருக்கிறது, கல்லைக் காணவில்லை, கல்லை எதிராளி பிடுங்கிவிட்டான். அத்தையின் தம்பி நிலத்தை ஒருமுறை அளந்து கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து அத்தை அலுவலகத்துக்கே வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, எல்லோரும் கேட்கும்படி, “மாப்ள, அந்தக் கல்லு நீங்க வச்ச எடத்துலயேதான் இருக்கு. ரெண்டு மழைக்கும் அசையல” என்றார். என் பணிக்காலத்தில் ஒரு கல்லைப் பற்றி வந்த நல்ல சொல் அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவரை ஸ்பெயினுக்குக் கூட்டிப் போய்க் கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று என் மைத்துனன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அவனுக்கு ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் சமையல் கிடங்குப் பொறுப்பு. வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்குக் குறைந்த கட்டணத்தில் அறை கொடுப்பார்கள். பிள்ளைகளின் பரீட்சைக்காக என் மனைவி ஊரிலேயே தங்கிவிட்டாள். ஆகவே மாமியாரும் மருமகனுமாகப் போனோம். கப்பல் ஒரே வட்டத்தை வாரம்தோறும் சுற்றும். பார்சிலோனாவில் புறப்பட்டு ஆறு துறைமுகம், மறுபடி பார்சிலோனா. எங்களுக்கு இரண்டு சுற்றுக்கு, பதினான்கு நாளைக்கு அறை போட்டிருந்தான். இந்த ‘இரண்டு சுற்று’ என்பது முக்கியம்.

முதல் சுற்றில் ஒரு வியாழக்கிழமை கார்த்தஹேனா என்ற துறைமுகத்தில் இறங்கினோம். ஊரைச் சுற்றி மொட்டை மலை, காய்ந்த மண், வேலியோரம் கற்றாழை. அத்தை கப்பல் படியில் நின்றே அதைப் பார்த்துவிட்டு, “ஏன் மாப்ள, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? பந்தல்குடி தாண்டுனா இதேதான இருக்கு. கூடக் கொஞ்சம் கடல வச்சிருக்காக, அம்புட்டுத்தான்” என்றார். சேலைக்குக் கீழே மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ. அதை வாங்கிய கடை எந்த ஊரில் இருக்கிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை அவனிடம் கேட்டிருந்தார். அவன் சொல்லவில்லை.

துறைமுக வாசலிலிருந்து பெரிய கடைத்தெரு, அதில் இடது பக்கம் மூன்றாவது சந்து, சந்தில் பச்சைக் கதவு போட்ட ஒரு பேக்கரி. அத்தையின் நடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு எட்டு, இருபத்திரண்டு நிமிடம். எட்டு எண்ணுவது எனக்குத் தொழில் பழக்கம். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால். வெண்மையான கை, அதில் முழங்கை வரை மாவு. நடுவில் ஓட்டை போட்டு, மேலே சீனி தூவிய, உளுந்த வடை அளவிலான ஒரு பண்டத்தை அத்தை விரலால் காட்டினார். ஆறு வாங்கினோம். அங்கேயே ஒன்றைத் தின்று பார்க்க வேண்டும் என்றார். நான்தான், கோட்டையைப் பார்க்க நேரம் போதாது என்று இழுத்துக்கொண்டு வந்தேன். அது என் முதல் தப்பு.

மாலை ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பி, கரை ஒரு முழம் அகலத்துக்குச் சுருங்கியபிறகு, மேல்தளத்தில் உட்கார்ந்து அத்தை பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு கடி கடித்தார். நிறுத்தினார்.

“மாப்ள. இதுல சோம்பு போட்டிருக்காக!”

“அப்படியா அத்தை?”

“இனிப்புல சோம்பு! எங்கிட்டோ ஒரு தேசத்துல, இனிப்புல சோம்பு!” இன்னொரு கடி. கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக மென்றார். “நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. ஆனா சோம்பப் பச்சையாப் போட்டுட்டாக. லேசா வறுத்துப் போட்டிருந்தா இது எங்கியோ போயிருக்கும்.” உடனே எழுந்துவிட்டார். “வாங்க, போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்.”

“அத்தை, கப்பல் கெளம்பிருச்சு.”

அவர் கரையைப் பார்த்தார். கரை இப்போது ஒரு நூல். நான் அவர் முகத்தில் அப்படி ஒரு தவிப்பை அதற்கு முன் பார்த்தது இல்லை. பெட்டியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவர் போல நின்றார்.

“அப்ப இத யாரு அவுககிட்டச் சொல்றது?”

அடுத்த ஒரு வாரம் எங்களுக்கு எந்த ஊரும் ஊராக இல்லை. தினம் சாப்பாடு முடிந்ததும் ஒரு பண்டத்தைப் பாதியாகப் பிட்டு மெல்லுவார். “வறுத்தாத்தான் வாசம் வரும். சந்தேகமே இல்ல.” மென்று முடித்ததும், தன் பையிலிருந்து தீப்பெட்டி அளவிலான எவர்சில்வர் டப்பாவை எடுத்து, ஊரிலிருந்து வறுத்துக் கொண்டுவந்த சோம்பு நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பார். மகன், “கடை பேரச் சொல்லும்மா, போன்லயே அஞ்சு நட்சத்திரம் போட்டு எழுதிருவோம்” என்றான்.

“நட்சத்திரத்துல சோம்ப எங்கிட்டுடா சொல்லுவ?”

“கீழ எழுதலாம்மா.”

“எழுதுனா அவுக மூஞ்சி எனக்குத் தெரியுமா? நான் சொல்றது அவுகளுக்குப் பிடிச்சிருக்கா, கோவம் வருதான்னு பாக்க வேணாமா? மூஞ்சியப் பாக்காமக் கொற சொல்றது கோள் சொல்ற மாதிரிடா.”

கப்பல்காரர்கள் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தாள் கொடுத்து, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஐந்தில் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். அத்தை அதைத் தொட்டது இல்லை. நேரே சமையல்காரரைக் கூப்பிடச் சொல்வார். இரண்டாவது வாரம் சமையல்காரர் கூப்பிடாமலே வந்து அவர் முன்னால் கை கட்டி நிற்கத் தொடங்கியிருந்தார்.

ஆறில் கடைசி ஒன்றை மட்டும் அத்தை தின்னவில்லை. கப்பலில் கொடுத்த காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக வைத்தார். “காட்டுறதுக்கு வேணும்ல.”

இரண்டாவது வியாழக்கிழமை வந்தது. கூடவே காற்றும் வந்தது. காலை எட்டுக்குச் சேர வேண்டிய கப்பல், பகல் ஒரு மணிக்குத்தான் கார்த்தஹேனாவில் நின்றது. ஐந்தரைக்குள் எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் நாலு மொழியில் சொன்னார்கள். ஐந்தாவது மொழியில் மைத்துனன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

“அத்தான், ஒரு நிமிசம் பிந்துனாலும் ஏணிய எடுத்துருவாக. மத்தவுக விட்டுட்டுப் போனாப் பரவால்ல. வேலை பாக்குறவன் வீட்டாளுகளே வரலைன்னா என் பேரு கெட்டுப்போகும். அடுத்த கான்ட்ராக்ட்டே சந்தேகந்தான். அம்மாவ நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க பாத்துக்கங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னிடம் எட்டுக்கணக்கு இருந்தது. போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு, சொல்ல பத்து. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குப் பச்சைக் கதவின் முன்னால் போய் நின்றோம்.

கதவு சாத்தியிருந்தது.

போன வாரம் நான் எல்லாவற்றையும் குறித்திருந்தேன். சந்து, கதவின் நிறம், எட்டு, விலை, அந்தப் பெண்ணின் மூக்குக் கண்ணாடி உட்பட. கதவில் எழுதியிருந்த நேரத்தை மட்டும் குறிக்கவில்லை. பகல் இரண்டு மணிக்குச் சாத்தி, ஐந்து மணிக்குத் திறப்பார்கள். ஏழு நிமிடத்தில் விட்டுவிட்டோம். அது என் இரண்டாவது தப்பு.

“மன்னிச்சுக்கங்க அத்தை.”

“எதுக்கு மாப்ள? சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பாக. வெயிலப் பாருங்க. நம்ம ஊருலயும் ரெண்டு மணிக்கு எவனாச்சும் வந்து கதவத் தட்டுனா எனக்குக் கொலவெறி வரும்.” சொல்லிக்கொண்டே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். “மாப்ளைக்குச் செரமம் இல்லைனா இங்கனயே இருப்போம்.”

மருமகனிடம் அவர் நேரடியாக எதையும் ‘செய்யுங்கள்’ என்று சொன்னதே இல்லை. ‘மாப்ளைக்குச் செரமம் இல்லைனா’ என்றுதான் தொடங்குவார். அதற்குமேல் மறுத்துப் பேச இடம் இருக்காது.

நான் கணக்குப் போட்டேன். ஐந்துக்குத் திறந்தால், இருபத்திரண்டு நிமிடம் நடை. ஆக, பேச எட்டு நிமிடம். அந்தப் பெண் ஐந்துக்குச் சரியாக வந்தால். அத்தையின் முழங்கால் ஒத்துழைத்தால். மைத்துனனின் முகம் கண்முன் வந்தது. “அத்தை, வேணும்னா நான் இருந்து சொல்லிட்டு ஓடி வந்துர்றேன். உங்களக் கப்பல்ல விட்டுட்டு...”

“நீங்களா? உங்களுக்கு வறுத்த சோம்புக்கும் வறுக்காததுக்கும் வித்தியாசம் தெரியுமா மாப்ள?”

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவர், சேலை கட்டிய ஒரு பெண் கடைப் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஸ்பானிஷில் என்னவோ கேட்டார். அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், “கடை தொறக்கட்டும்னு இருக்கோம்யா. ஒண்ணு சொல்லணும்” என்றார் தமிழில். பெரியவர் கடையைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து விரலை விரித்துக் காட்டினார். அத்தை அவருக்குக் கும்பிடு போட்டார். “பாத்தீகளா, அஞ்சு மணிக்குன்றாக. பாசை எல்லாம் ஒரு பிரச்சனையா?”

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் கேட்காத கேள்வி. “எதுக்கு அத்தை எல்லா எடத்துக்கும் திரும்பப் போயிச் சொல்றீக?”

அவர் ஷூவின் நாடாவைச் சரிசெய்துகொண்டே சொன்னார். “ஒங்க மாமாவுக்கு மில்லு வேலை போனப்ப, பதினோரு வருசம் வீட்டுல காராச்சேவு போட்டு ஒரு கடைக்குக் குடுத்தேன். வாரம் மூணு டின்னு. கடைக்காரரு டின்ன எடுத்துட்டு வெறும் டின்னக் குடுப்பாரு. அம்புட்டுத்தான். யாரு தின்னா, மொறுமொறுன்னு இருந்துச்சா, மொளகு தூக்கலா, ஒண்ணும் தெரியாது. பதினோரு வருசத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாசலுக்கு வந்து ‘நல்லாருந்துச்சு’ன்னு சொல்லல. ‘நல்லால்ல’ன்னுகூடச் சொல்லல மாப்ள. நான் செஞ்சது எல்லாம் எங்கிட்டுப் போச்சுன்னே எனக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். “ஒருவேள கடைக்காரரே எல்லாத்தையும் தின்னுட்டாரோ என்னவோ. ஆளு அப்படித்தான் இருப்பாரு.”

நாலு ஐம்பத்தெட்டுக்கு மூக்குக் கண்ணாடி சந்தின் முனையில் தெரிந்தது. கையில் சாவிக்கொத்து. எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்து, என்னவோ சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். அத்தை என் தோளைப் பிடித்து எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. அதை உதறிக்கொண்டே உள்ளே போய், கண்ணாடிப் பெட்டியின் மேல் காகிதக் கைக்குட்டையைப் பிரித்து, ஒரு வாரமான அந்தப் பண்டத்தை வைத்தார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஜவுளிக்கடைக்காரரின் முகம் எப்படி மாறியதோ அப்படியே. பணப்பெட்டியைத் திறக்கப் போனாள்.

“அதெல்லாம் வேணாம் தாயி. மூடு, மூடு.” அத்தை அவள் கையைப் பிடித்துத் தள்ளினார். நான் போனில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து நீட்டினேன். “நீங்க கொஞ்சம் தள்ளிக்கிறீகளா மாப்ள.” தள்ளிக்கொண்டேன். ஐந்து மணி இரண்டு நிமிடம்.

அத்தை பண்டத்தைப் பிட்டார். நகத்தால் ஒரு சோம்பை நோண்டி எடுத்து, அவள் மூக்குக்குக் கீழே காட்டினார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து, திறந்து, மூக்குக்குக் கீழே நீட்டினார். இதை மோந்து பார். அதை மோந்து பார். அவள் மோந்தாள். டப்பாவிலிருந்து நாலு சோம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது.

அத்தை இடது கையால் இல்லாத ஒரு வாணலியைப் பிடித்து, வலது கையால் இல்லாத ஒரு கரண்டியால் கிண்டினார். அடுப்பைக் குறைக்க வேண்டும் என்று விரலால் திருகிக் காட்டினார். குனிந்து மோந்தார். சட்டென்று வாணலியை இறக்கினார். “வாசம் வந்ததும் எறக்கிரணும். விட்டாக் கருகிரும். தெரியுதா?”

அந்தப் பெண் உள்பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். மாவு பூசிய மேல்துணியோடு ஒரு ஆள் ஓடி வந்தார். அவர் வாயிலும் சோம்பு போடப்பட்டது. இருவரும் படபடவென்று பேசிக்கொண்டார்கள். சண்டை போலவே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து ஆறு. கடைசியில் அந்த ஆள் அத்தையைப் பார்த்து, இடது கையால் வாணலியைப் பிடித்து, வலது கையால் கிண்டி, மோந்து பார்த்து, இறக்கினார்.

“அதே! அதேதான்யா!” அத்தை கையைத் தட்டினார். பிறகு நிதானமாகி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததன் மீதியைச் சொன்னார். “மத்தபடி, ரொம்ப நல்லாருந்துச்சு. தெனம் கொஞ்சமா வச்சு வச்சுத் தின்னேன்.”

இதை அவர் கையால் விளக்கவில்லை. இருந்தும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அத்தையின் இரண்டு தோளையும் பிடித்து, வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று முத்தம் கொடுத்தாள். அத்தை விறைத்துப்போய்விட்டார். “ஆத்தாடி! மாப்ள நிக்கிறாகல்ல!”

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டபோது ஐந்து ஒன்பது. கணக்கில் ஒரு நிமிடம் உதைத்தது.

அதன்பிறகு நடந்ததை ‘நடை’ என்று எழுத மாட்டேன். அத்தை சேலையை ஒரு கையால் அள்ளிப் பிடித்தார். மறு கையால் என் முழங்கையைப் பிடித்தார். வெள்ளை ஷூ இரண்டும் கடைத்தெருக் கல்லில் படார் படார் என்று விழுந்தன. காபிக் கடை நாற்காலிகளுக்கு நடுவே புகுந்தோம். இதுதான் குறுக்குவழி என்று ஒரு சின்னச் சந்தை நான் காட்ட, “ஒங்க கணக்க நம்பித்தான் கதவு சாத்துன கடையில ஒக்காந்தோம்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி நேர்வழியிலேயே இழுத்துப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்தால் ஓட முடியவில்லை, ஓடினால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. போகும்போது வழியில் பந்து போலச் சுருண்டு கிடந்த ஒரு நாய் எங்களோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து, பிறகு முடியாமல் நின்றுவிட்டது.

ஏணியின் அடியில் மைத்துனன் நின்றான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. ஐந்து இருபத்தெட்டு. அத்தை ஏணியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மகனைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்.

“சொல்லியாச்சு.”

ஊருக்கு வந்தபின், அவன் கப்பலிலிருந்து பேசும்போதெல்லாம் அவர் கேட்பது, “அந்தப் பக்கம் போனீகளாடா? வறுக்குறாகளா?” என்பதுதான். கப்பலை வேறு வழிக்கு மாற்றிவிட்டார்கள் என்பான். “மாத்துனவன்கிட்ட நான் பேசுறேன்” என்பார். மறுபடி பழைய வழிக்குக் கப்பல் திரும்பியபோது அவர் இல்லை.

போன மாதம் மைத்துனன் விடுமுறைக்கு வந்தான். பையிலிருந்து பச்சைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து வைத்தான். ஒரு வியாழக்கிழமை அந்தச் சந்தைத் தேடிப் போயிருக்கிறான். என் நாட்குறிப்பின் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தானாம். பச்சைக் கதவு, மூக்குக் கண்ணாடி எல்லாம் சரியாக இருந்தன. போனில் அத்தையின் படத்தைக் காட்டியதும் அந்தப் பெண் கத்திவிட்டாளாம். அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், எவர்சில்வர் டப்பா இருந்திருக்கிறது. அவள் இடது கையால் வாணலியைப் பிடித்து வலது கையால் கிண்டிக் காட்டியிருக்கிறாள். பிறகு, அவுக எங்கே என்று கையால் கேட்டிருக்கிறாள்.

“நீ என்ன சொன்ன?” என்றாள் என் மனைவி.

“கையால அத எப்படிச் சொல்றதுக்கா? கப்பல் பக்கமாக் காட்டுனேன். காலைத் தொட்டுக் காட்டுனேன். முட்டி வலின்னு நெனச்சுருப்பாக. ஒடனே இம்புட்டையும் கட்டி, அவுகளுக்குக் குடுன்னு குடுத்துட்டாக.”

மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்தோம். நடுவில் ஓட்டை, மேலே சீனி. கடித்தோம். எங்கள் ஊர் மத்தியானம் மூன்று மணி வெயிலில் அந்த வாசம் வீடு முழுவதும் பரவியது. வறுத்த சோம்பு. எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, கடைசித் துணுக்கு வரை மென்றாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

“நல்லாருக்கு,” என்றாள். “ரொம்ப நல்லாருக்கு. ஆனா அடுப்புல ஒரு நிமிசம் கூட விட்டுட்டாக.”

மைத்துனன் அவளைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் கையில் ஒட்டியிருந்த சீனியைத் தட்டிவிட்டுக்கொண்டே எழுந்தாள்.

“பாஸ்போர்ட்ட எங்க வச்சிருக்கீக?”

பீரோவில், மேல்தட்டில், இடது பக்கம், நீல உறைக்குள் இருக்கிறது. என்னுடையதற்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அவளுக்கு இனிமேல்தான் எடுக்க வேண்டும்.